கேனா, ஆர்.ஓ.வா, கொதிக்க வைத்த காவிரியா? வேலூர் வீட்டுக்கு ஏற்ற குடிநீர் எது?

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், மன்னன் இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. இவற்றுள் கோயிலின் குறை 1981இல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளினார். பாலாற்றின் குறை மட்டும் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் போல எப்போதாவது சில வாரங்களுக்குத் தீர்ந்து, பிறகு மணலும் சீமைக்கருவேலமுமாகப் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் வீட்டுக்கு வீடு குடிநீர் ஒரு தனிச் செலவாக நிற்கிறது.

சுற்றுச்சூழலுக்குப் பாரமில்லாமல் வாழ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் துணிப்பையிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த ஊரில் அதைத் தண்ணீர்ப் பானையிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்பது என் எண்ணம். அண்மையில் மூன்று வாசகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். சத்துவாச்சாரியில் சொந்த வீட்டில் இருக்கும் ஒருவர், மாதம் பதினைந்து கேன் வாங்கி அலுத்துப்போய், சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கிறார். காட்பாடிக்கு அப்பால் புதிய மனைப்பிரிவில் வாடகைக்கு இருக்கும் இன்னொருவருக்குப் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாமவர் தாயாரின் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்து இரண்டு மாதம் தங்கப் போகிறவர். கேள்வி ஒன்றாக இருந்தாலும் விடை மூன்று பேருக்கும் ஒன்றாக இருக்க வழியில்லை.

எதை வைத்து அளப்பது?

கணக்கு எளிதாக இருப்பதற்காக, நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். சமையலுக்கு இன்னொரு 10 லிட்டர் ஆகும்; ஆனால் சோறும் குழம்பும் எப்படியும் கொதிக்கப் போகின்றன என்பதால் அதற்குக் கிருமி நீக்கிய தண்ணீர் வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் பல வீடுகளில் குடிநீர்ச் செலவு இரட்டிப்பாகிறது.

ஒவ்வொரு வழியையும் ஆறு கேள்விகளால் அளக்கலாம். அது தண்ணீரிலுள்ள உப்பைக் குறைக்கிறதா? கிருமியைக் கொல்கிறதா? வாங்கும் விலையோடு பராமரிப்பையும் சேர்த்தால் மாதம் எவ்வளவு ஆகிறது? ஒரு லிட்டர் குடிக்க எத்தனை லிட்டர் வீணாகிறது? எரிபொருள், மின்சாரம், பிளாஸ்டிக் ஆகியவை எவ்வளவு செலவாகின்றன? ஆறாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: அந்த வேலையை நாள்தோறும் வீட்டில் யார் செய்யப் போகிறார்கள்? இயற்கையோடு இயைந்த பழக்கம் என்று நாம் மகிழ்ந்து சொல்லும் பலவும் வீட்டிலுள்ள பெண்களின் தலையில் கூடுதல் வேலையாக விழுகின்றன; அதையும் விலையாகவே கணக்கில் எழுத வேண்டும்.

முதலில் உங்கள் தண்ணீரை அறியுங்கள்

உப்பும் கிருமியும் வேறு வேறு சிக்கல்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கி ஊறும் தண்ணீர் இயல்பாகவே உப்பும் கடினமும் ஏறியது. இதனோடு பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் விட்ட கழிவும் சேர்ந்தது. இதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்தியது. சட்டப் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர் இடம்பெற்றது அப்படித்தான்.

மறுபக்கம், மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் உப்பு குறைந்த ஆற்று நீர். எங்கள் வீட்டில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தபோது காவிரிக் குழாயில் 300ஐ ஒட்டியும் போர் குழாயில் 1,300க்கு மேலும் காட்டியது. இந்திய தரநிலையான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரே வீட்டின் இரண்டு குழாய்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, “வேலூர் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை” என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை.

டி.டி.எஸ். மீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்த்து உப்பின் அளவை மதிப்பிடும் கருவி. கிருமி இருப்பது அதற்குத் தெரியாது. குரோமியம் இருக்கிறதா, நைட்ரேட் இருக்கிறதா என்பதும் தெரியாது. அவற்றைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டித்தான் அறிய முடியும். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு, எந்த இயந்திரத்தையும் வாங்கும் முன் அந்தச் செலவைச் செய்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் விற்க வந்த இளைஞர் ஒருவர் எங்கள் கூடத்தில் நடத்திய காட்சி இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சியதும் எங்கள் டம்ளர் மட்டும் அரை நிமிடத்தில் செங்காவி நிறமாகி, மேலே அழுக்கு நுரை திரண்டது. “பாருங்க சார், இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிருக்கீங்க” என்றார். அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்து காட்டச் சொன்னேன். அதுவும் அதே நிறத்துக்கு மாறியது. உண்மையில் அந்த நிறம் கம்பியிலிருந்த இரும்பு கரைந்து வந்தது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும். தம்பி தவறானவர் அல்லர். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். ஆனால் இந்தக் காட்சியைப் பார்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே நால்வர் உண்டு.

வழி 1: இருபது லிட்டர் கேன்

எங்கள் தெருவில் கேன் 35 ரூபாய். குடிக்க மட்டும் என்றால் மாதம் 15 கேன், 525 ரூபாய். சமையலுக்கும் அதையே ஊற்றினால் ஆயிரத்தைத் தாண்டும். கேனுக்கான முன்பணம் ஒருமுறைச் செலவு. மாடிக்கு ஏற்றித் தருவதற்குச் சிலர் தனியாகக் காசு கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான், இருபது கிலோ எடை.

கேன் திரும்பத் திரும்பப் பயன்படுவதால் பிளாஸ்டிக் குப்பை நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. உண்மையான மறைவுச் செலவு வேறிடத்தில் இருக்கிறது. கேன் நிரப்பும் நிலையங்கள் பொதுவாக ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்து, அதை ஆர்.ஓ. முறையில்தான் சுத்திகரிக்கின்றன. ஆகவே நம் வீட்டில் கழிவுக் குழாய் இல்லை என்பதால் தண்ணீர் வீணாகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது; அது ஏதோ ஒரு கிராமத்தின் நிலத்தடி நீர்மட்டத்தில் கழிகிறது. பெரிய இயந்திரங்கள் வீட்டு இயந்திரத்தைவிடச் சிக்கனமாக இயங்கும் என்பது உண்மை. அதன்பின் வண்டி, டீசல், ஏற்று இறக்கு.

தரம் முழுக்க நிரப்புகிறவரின் ஒழுங்கைப் பொறுத்தது. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தந்த உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா, கேனின் உட்புறம் பச்சை படிந்திருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. நாம் செய்யும் தவறும் ஒன்று உண்டு: கேன் மீது பொருத்தும் கைப்பம்பை மாதக்கணக்கில் கழுவுவதே இல்லை. அதன் குழாயை ஒருமுறை கழற்றி முகர்ந்து பார்த்தவர்கள் பிறகு வாரம் தவறாமல் கழுவுவார்கள்.

வழி 2: வீட்டு ஆர்.ஓ. இயந்திரம்

உப்பைக் கணிசமாகக் குறைக்கும் வழி, வீட்டளவில், மழைநீரை விட்டால் இது ஒன்றே. அந்த அளவில் இதற்கு மாற்றில்லை.

பணத்தைப் பார்ப்போம். இயந்திரம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு வடிகட்டி மாற்றமும் சர்வீஸும் 4,000 ரூபாய், ஆயுள் ஐந்தாண்டு என்று வைத்தால் மொத்தம் 35,000. மாதத்துக்கு 580 ரூபாய் அளவு. கேனைவிட மலிவு என்று விற்பனையாளர் சொல்லும்போது அவர் முதல் விலையை மட்டும் வகுத்துக் காட்டுகிறார். நம் போர் தண்ணீரின் கடினத்துக்கு உள்ளிருக்கும் சவ்வு விரைவில் அடைத்துக்கொள்ளும்; குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சவ்விலும் படிகிறது. மின்சாரம் பொருட்டே இல்லை. பம்ப் இயங்குவது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

தண்ணீர்க் கணக்குதான் இடறுகிறது. வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை கழிவாக வெளியேற்றுகின்றன. மூன்று என்று வைத்தால் நாளுக்கு 30 லிட்டர், ஆண்டுக்குப் பதினோராயிரம் லிட்டர்: ஏறக்குறைய ஒரு பெரிய டேங்கர் லாரி. கோடையில் அந்த லாரிக்காக நாம் எவ்வளவு அலைகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

“கழிவு நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்” என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அது பாதி சரி. 300 அளவுள்ள காவிரித் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் கழிவு நீர் 400ஐ எட்டும்; அதை எதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் அப்படிப்பட்ட தண்ணீருக்கு ஆர்.ஓ.வே தேவையில்லை, 500க்குக் கீழ் உப்புள்ள இடங்களில் இந்த இயந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்றுதான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அறிவுறுத்தியது. 1,300 அளவுள்ள போர் தண்ணீரை விட்டால் கழிவு நீர் 1,700ஐத் தொடும். அதை நாள்தோறும் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் ஓரிரு மாதத்தில் மண் மேல் வெள்ளை பூத்து, இலை நுனி கருகும். எங்கள் வீட்டுச் செம்பருத்தி இதற்குச் சாட்சி. அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். வண்டி கழுவினால் காய்ந்த பின் புள்ளி புள்ளியாக நிற்கும்.

சுவை பற்றியும் சொல்ல வேண்டும். உப்பை 50க்கும் கீழே இறக்கினால் சுண்ணாம்புச்சத்தும் மெக்னீசியமும் உடன் போகின்றன. தண்ணீர் சப்பென்று ஆகிவிடுகிறது. இயந்திரத்தைப் பொருத்தும்போதே அளவை 150 முதல் 200 வரை வைக்கச் சொல்லலாம். ஆனால் இதைச் சரிசெய்யும் திருகு, சவ்வைக் கடக்காத தண்ணீரைச் சிறிது கலந்துதான் அளவைக் கூட்டுகிறது. குரோமியமோ நைட்ரேட்டோ இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்ன வீட்டில் அந்தத் திருகைத் தொடக் கூடாது.

வழி 3: காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்துக் கொதிக்க வைத்தல்

என் தேர்வு இதுதான். ஆனால் காவிரி வரும் வீட்டுக்கு மட்டும்.

இதில் முதல் படி அடுப்பு அல்ல, சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டி. பல வீடுகளில் காவிரிக் குழாயும் போர் குழாயும் ஒரே சம்பில் விழுகின்றன. வேறொரு மாவட்டத்து அணையிலிருந்து பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவந்த நல்ல தண்ணீரை வீட்டு வாசலில் உப்புத் தண்ணீரோடு கலந்துவிட்டு, பிறகு அந்த உப்பைப் பிரிக்க இயந்திரம் வாங்குகிறோம். சம்புக்கு முன்னால் குழாயில் ஒரு டீ இணைப்பைப் போட்டு, குழாயடியில் மூடியும் திருகுகுழாயும் உள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்தால் போதும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர். வாரம் ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள் என்றாலும் 140 லிட்டர் போக மிச்சம் இருக்கும். டிரம் நிறைந்த பின் மீதியைச் சம்புக்கு விடலாம். பிளம்பர் கூலியோடு சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது.

குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும், ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். ஆனால் அது தேக்கி வைத்த தண்ணீரில் நாள்கள் செல்லச் செல்ல இல்லாமல் போகும், வழியில் உடைந்த குழாய் இருந்தால் சாக்கடையும் கலக்கும். ஆகவே கொதிக்க வைப்பது வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் அழியும். பத்து நிமிடம் கொதிக்க விடுவது பாட்டி காலத்துப் பழக்கம். எரிவாயு வீணாவதைத் தவிர அதில் பலன் இல்லை.

எரிவாயுக் கணக்கு இது: ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 290 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். அடுப்பின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது 60 சதவீதம் என்று வைத்தால், லிட்டருக்குப் பத்து, பதினொரு கிராம் எரிவாயு. 10 லிட்டருக்கு நாளுக்கு நூறு கிராம் சொச்சம், மாதம் 3.2 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இந்த வேலைக்கு மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் வரும். சிலிண்டரை 900 ரூபாய் என்று கொண்டால் மாதம் 200 ரூபாய். மூடி போடாமல் கொதிக்க வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட் கூடி, மொத்தம் 500ஐத் தாண்டும் வீடாக இருந்தால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

இவ்வழியின் குறை எரிவாயு மட்டும் அன்று. நாள்தோறும் யாரோ ஒருவர் பெரிய பாத்திரத்தை ஏற்றி இறக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிநீர் ஆபத்து. எங்கள் வீட்டில் இரவு அடுப்படியைத் துடைத்த பின் ஏற்றி, அடுப்பிலேயே ஆற விட்டு, காலையில் பானைக்கு மாற்றுகிறோம். இறக்கும் வேலை இல்லை. இந்த வேலை என்னுடையது என்று ஒப்பந்தம். அதுவும் முடியாதவர்கள், காவிரித் தண்ணீருக்குப் புற ஊதாக் கதிர் வடிகட்டி வாங்கலாம். உப்பைக் குறைக்காது, தண்ணீரையும் வீணாக்காது, விலையும் ஆர்.ஓ.வைவிடக் குறைவு. கலங்கல் தண்ணீரில் மட்டும் அதன் கதிர் வேலை செய்யாது.

கொதித்தால் உப்பு குறையாது, குரோமியமும் போகாது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் கிருமி இல்லாத உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும்.

ஆறிய தண்ணீர் குளிர, பானைக்கு நிகரில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் ஈரம் ஆவியாகும் வேகம் அதிகம் என்பதால் பானை நன்றாகவே குளிர்கிறது. நம் மாவட்டத்துக் கரிகிரிப் பாண்டங்களின் மெருகு கண்ணுக்கு அழகு. ஆனால் மெருகேற்றிய சுவரில் தண்ணீர் கசியாது, கசியாவிட்டால் குளிராது. தண்ணீருக்கு மெருகில்லாத சாதாரணப் பானையே வேண்டும். அதில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் கொதிக்க வைத்த பாடு வீண். திருகுகுழாய் வைத்த பானை வாங்குங்கள், அல்லது நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே தொங்கவிடுங்கள்.

வழி 4: வெயில்

நிறமில்லாத இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைத்தால் சூரியனின் புற ஊதாக் கதிரும் சூடும் கிருமிகளை அழிக்கின்றன. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். வேலூரிலேயே கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களில் இம்முறையைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் வயிற்றுப்போக்கு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. செலவு ஏதுமில்லை, மொட்டை மாடியும் ஒழுங்கும் இருந்தால் போதும். கீறல் விழுந்த பாட்டிலை மாற்ற வேண்டும். ஐந்து பாட்டிலை நாள்தோறும் மாடிக்குத் தூக்கும் பொறுமை எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எரிவாயு தீர்ந்து அடுத்த சிலிண்டர் வராத நாள்களில் கைகொடுக்கிறது.

வழி 5: மழைநீர்த் தொட்டி

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பெரும்பாலான வீடுகள் மாடிக் குழாயை ஒரு குழிக்குள் இறக்கியதோடு நிறுத்திக்கொண்டன. நிலத்தடிக்கு அது நல்லது. குடிப்பதற்குத் தொட்டியில் பிடிக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது 46 சதுர மீட்டர். ஆண்டு மழையை 900 மில்லிமீட்டர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சேதாரமாகத் தள்ளினாலும் 33,000 லிட்டர் கிடைக்கும். தேவையோ 3,650 லிட்டர்தான். சென்னையைப் போல ஐப்பசி, கார்த்திகையை மட்டும் நம்பாமல், ஆனி, ஆடியிலேயே மாலை நேர இடி மழை நமக்குத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தை முதல் வைகாசி வரையுள்ள 150 நாள்களைத் தாண்டினால் போதும். அதற்கு 1,500 லிட்டர். இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று போதுமானது. தொட்டி, மணலும் கரியும் இட்ட வடிகட்டி, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்று வைத்தால், பத்தாண்டுக்கு வகுத்து மாதம் 210 ரூபாய்.

முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மாடியைப் பெருக்கி வைக்க வேண்டும். சத்துவாச்சாரி போல மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் குரங்கும் புறாவும் உண்டு என்பதால் இந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் நுழையக் கூடாது. மூடி சற்று விலகினாலும் டெங்கு கொசு முட்டையிட்டுவிடும். கல்நார் ஓடு வேய்ந்த கூரையிலிருந்து குடிக்கப் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது ஆகாது.

ஒரே பார்வையில்

| வழி | உப்பு | கிருமி | மாதச் செலவு (ரூ.) | மாதம் வீணாகும் தண்ணீர் | எரிபொருள், மின்சாரம் | தினசரி உழைப்பு |
|---|---|---|---|---|---|---|
| கேன் | குறையும் | நிரப்புபவரைப் பொறுத்தது | 525 | நிலையத்தில் வீணாகிறது | வண்டி டீசல் | தூக்குவது மட்டும் |
| ஆர்.ஓ. | நன்றாகக் குறையும் | போகும் | 580 | 900 லிட்டர் | மிகக் குறைவு | இல்லை |
| காவிரி, கொதிக்க வைத்தல் | குறையாது. தேவையுமில்லை | போகும் | 200 | இல்லை | எரிவாயு 3.2 கிலோ | நடுத்தரம் |
| வெயில் | குறையாது | தெளிந்த நீரில் போகும் | 0 | இல்லை | இல்லை | அதிகம் |
| மழைநீர் | இயல்பிலேயே குறைவு | கொதிக்க வைக்க வேண்டும் | 210, எரிவாயு தனி | முதல் மழை மட்டும் | எரிவாயு 3.2 கிலோ | பருவத்தில் அதிகம் |

கேட்டவர்களுக்கு

சத்துவாச்சாரி வாசகர் ஆர்.ஓ. வாங்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் காவிரி வருகிறது. டிரம் ஒன்றும் பானை ஒன்றும் போதும். சம்பில் கலந்த தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் அவர் கடிதத்தில் டி.டி.எஸ். 900 என்று எழுதியிருக்கிறார் என்பது என் ஐயம். தெருக்குழாயில் நேராகப் பிடித்து மறுபடியும் பார்க்கட்டும். மாடியைச் செப்பனிடும் எண்ணமிருந்தால் மழைநீர்த் தொட்டியையும் அப்போதே சேர்த்துக்கொள்ளலாம். பின்னால் செய்தால் குழாய் வேலைக்கு இருமுறை கூலி.

காட்பாடிக்கு அப்பால் இருப்பவருக்கு ஆர்.ஓ. தவறில்லை. போர் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, கரைந்த உப்பு, நைட்ரேட், குரோமியம் ஆகியவற்றைப் பார்த்த பின் முடிவு செய்யட்டும். உப்பு 700, 800 என்ற அளவில் நின்று மற்றவை வரம்புக்குள் இருந்தால் அவசரப்பட வேண்டாம்; அந்தப் பகுதிக்குக் காவிரி இணைப்பு வரும் வாய்ப்பு இருந்தால் கேனோடு ஓராண்டு தள்ளலாம். 1,000க்கு மேல் என்றால் ஆர்.ஓ.வை வாங்கி, குடிக்க மட்டும் பயன்படுத்தி, கழிவுக் குழாயைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் சுவரில் துளையிட முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. காலி செய்யும்போது அந்தத் துளைக்கும் கணக்கு வரும்.

மருத்துவமனைக்கு அருகில் தங்கப் போகிறவருக்குக் கேனே சரி. இரண்டு மாதத்துக்காக எதையும் நிறுவ முடியாது. நோயாளியோடு இருப்பவருக்கு நேரமும் இல்லை. ஆனால் தாயாருக்கு நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள் என்றால் கேன் தண்ணீரையும் ஒரு நிமிடம் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். வெயில் முறை அவருக்கு வேண்டாம். எந்தத் தண்ணீர் தரலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். சமையல் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் இது எளிது. அறைக்கு வந்த முதல் நாளே கேனுக்குக் கொடுக்கும் முன்பணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாததால் அதைத் திரும்பக் கேட்க மறந்தே பலர் காட்பாடியில் ரயிலேறிவிடுகிறார்கள்.